மாற்றிய காரும் மாறாத நியாயமும்

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகிய வட்டாரங்களில் கோயில் கொடையை முன்னிட்டு நடைபெறும் மாட்டு வண்டிப் பந்தயத்தை ஒரு முறையேனும் சென்று பார்த்தவர்களுக்கு, கொடி அசைந்து வண்டிகள் புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே அங்கே ஒரு நியாய விசாரணை நடந்து முடிந்துவிடுகிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று காளைகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓடவேண்டிய தூரத்தையும் பெறக்கூடிய பரிசையும் தனித்தனியே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடியை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதில் தகராறு எழுந்தால், விழாக் குழுவினரும் மாட்டுக்காரர்களும் சாரதிகளும் கூடிப் பேசி முடிவு காண்கிறார்கள். அந்த முடிவு நேர்மையாக அமைந்துவிட்டால் தோற்றவனும் மனநிறைவோடு வீடு திரும்புகிறான். அது பிசகிவிட்டாலோ, வென்றவனுக்குக்கூட வெற்றி இனிப்பதில்லை. 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் நின்றுபோன இந்தப் பந்தயங்கள், 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தினால் மீண்டும் உயிர்பெற்று, 2023-ஆம் ஆண்டு மே மாதம் அதே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வினால் அங்கீகாரமும் பெற்றதற்குக் காரணம், இனி இவை விதிகளுக்கு உட்பட்டே நடக்கும் என்ற உறுதிமொழிதான். விதியை இழந்த பந்தயம் நாளாவட்டத்தில் தன்னையே இழந்துவிடும் என்பதை இந்தக் கரிசல் நாட்டு மக்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று காளைக்கு எழும் இந்தக் கேள்வி காருக்கும் எழுகிறது. அங்கே அது பன்மடங்கு சிக்கலாகிவிடுகிறது. ஏனெனில், காளையின் உயரத்தையும் பல்லையும் கண்ணால் பார்த்துவிடலாம். காருக்குள்ளே மறைந்திருக்கும் யந்திரத்தில் ஒரு கைதேர்ந்த மெக்கானிக் என்ன செய்திருக்கிறான் என்பதை, மூடியைக் கழற்றிப் பார்த்தாலொழிய எவரும் சொல்லிவிட முடியாது. தொழிலாக அல்லாமல் ஆசைக்காகவே, தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தைச் செலவழித்து, விடுமுறை நாட்களில் சங்கங்களின் ஆதரவில் கார் ஓட்டும் சாமானிய ஓட்டுநர்களின் பந்தயங்களில், யார் எதை மாற்றலாம், மாற்றியவனுக்கு எவ்வளவு சுமை ஏற்றலாம், மறைத்தவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்ற கேள்விகளே எல்லா மனக்கசப்புகளுக்கும் மூலகாரணமாக இருந்து வருகின்றன. இவற்றுக்கு நியாயமான விடை காண்பது சிரமமே தவிர, அசாத்தியம் அன்று.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

இந்தியாவில் மோட்டார் பந்தயம் வேரூன்றிய இடங்களில் தலைமையானது தமிழ்நாடு என்று சொன்னால் அது வெறும் பிராந்திய அபிமானம் ஆகாது. 1953-ஆம் ஆண்டு தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றைப் பந்தயக் களமாக்கிக்கொண்டு, பல்லாண்டுக் காலம் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது. வெளிநாட்டிலிருந்து தருவித்த பந்தயக் கார்களும், அன்றாடம் ஆபீசுக்குப் போய்வரும் பியட்டும் ஹெரால்டும் அம்பாஸடரும், பட்டறைகளில் உள்ளூர் மெக்கானிக்குகள் தாமே வடிவமைத்துக் கட்டிய கார்களும் அந்த ஓடுதளத்தில் ஓடின. பிறகு, இதற்கென்றே நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கிளப் நிறுவிய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரப் பந்தயப் பாதை 1990-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் மற்றொரு பாதை எழுந்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகரச் சாலைகளிலேயே, இரவு வெளிச்சத்தில் பந்தயம் நடந்ததையும் தமிழ்நாடு கண்டது.

அந்தக் காலத்தில் இந்தியரின் கைக்கு எட்டிய கார்கள் மூன்று நான்கு வகைதான். 1089 சிசி கொள்ளளவுள்ள பியட்டும் 1489 சிசி கொள்ளளவுள்ள அம்பாஸடரும் ஒரே களத்தில் ஓடியபோது, கொள்ளளவைக் கொண்டு பிரிவு வகுப்பதே எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றியது. 1980-களில் 796 சிசி மாருதி வந்தது. பின்னர் 1298 சிசி எஸ்டீம் வந்தது. தொழிற்சாலை கொடுத்த நிலையில் அதிக மாற்றமின்றி ஓடும் கார்களுக்கு ஒரு பிரிவும், ஆழ்ந்த மாற்றங்களை அனுமதிக்கும் கார்களுக்கு வேறு பிரிவும் என்று ஏற்பாடுகள் விரிந்தன. 1971-ஆம் ஆண்டு தோன்றிய இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் சம்மேளனம், தேசம் முழுவதற்கும் பொதுவான விதிகளை வகுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆயினும், விதி எத்தனை நுணுக்கமாக வளர்ந்ததோ அத்தனை நுணுக்கமாக அதைச் சுற்றிப்போகும் சாமர்த்தியமும் வளர்ந்தது. இது மனித சுபாவம்.

மாற்றம் என்பது என்ன?

ஒரு காரை வேகமாக்குவதற்கு மெக்கானிக் கையாளும் வழிகளை மூன்றாகப் பகுத்துச் சொல்லலாம். முதலாவது, யந்திரத்தின் சக்தியைப் பெருக்குவது: சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம், சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவி, காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி மேலும் இறுக்கமாக அமுங்கும்படி செய்யலாம், கேம் ஷாஃப்டை மாற்றி வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி அமைக்கலாம், பெரிய கார்புரேட்டரைப் பொருத்தலாம், புகை தடையின்றி வெளியேறும்படி சைலன்ஸரை மாற்றலாம். இரண்டாவது, எடையைக் குறைப்பது: பின் இருக்கைகளையும் உள் அலங்காரங்களையும் கழற்றி எறிந்து, கனமான தகட்டுக்குப் பதில் இலேசான பொருளைப் பொருத்துவது. மூன்றாவது, சாலையின் பிடியை அதிகரிப்பது: உடலைத் தாழ்த்துவது, ஸ்பிரிங்கை இறுக்குவது, அகலமான மென்மையான டயர்களை மாட்டுவது.

இவற்றின் பலனை அறிய ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 800 கிலோ எடையும் 40 குதிரைத்திறன் சக்தியும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு குதிரைத்திறனும் 20 கிலோவை இழுத்துச் செல்கிறது. யந்திரத்தைத் தொடாமலேயே 100 கிலோவைக் கழித்துவிட்டால் ஒரு குதிரைத்திறனுக்கு 17.5 கிலோ என்று ஆகிவிடுகிறது. எடையைக் குறைக்காமல் இதே விகிதத்தை அடைய வேண்டுமானால் யந்திரத்தின் சக்தியை ஏறக்குறைய 46 குதிரைத்திறனுக்கு உயர்த்த வேண்டியிருக்கும். ஆகவே, இருக்கையைக் கழற்றியவனும் கேம் ஷாஃப்டை மாற்றியவனும் வெவ்வேறு காரியங்களைச் செய்ததாகத் தோன்றினாலும், பந்தய வேகத்தில் பெற்ற அனுகூலம் ஏறக்குறைய ஒன்றே. கொள்ளளவை மட்டும் பார்த்துப் பிரிவு வகுக்கும் பழைய முறையின் குறை இதனால் விளங்கும். 1089 சிசி என்ற எண் மாறாமல் இருக்க, காரோ முற்றிலும் மாறிப்போயிருக்கும்.

முத்துச் சல்லடையும் சங்கு வளையமும்

அளவையைக் கொண்டு நியாயம் வழங்குவது எப்படி என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரை உலகுக்கு நெடுங்காலமாகக் காட்டி வந்திருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கிடைத்த முத்துக்களைத் துளைகளின் பருமனால் வேறுபட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் வரிசையாகச் சலித்து, எந்தச் சல்லடையில் எது தங்குகிறதோ அந்தத் தரத்தில் அதைச் சேர்த்தார்கள். 1961-ஆம் ஆண்டோடு அந்தப் பெரிய குளிப்பு நின்றுபோய்விட்ட போதிலும் அந்த முறையின் கீர்த்தி நிற்கவில்லை. சங்குக் குளிப்பிலோ, குறிப்பிட்ட விட்டமுள்ள வளையம் ஒன்றை வைத்துச் சங்கை அளந்தார்கள். வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறு சங்கு, வளர்வதற்காக மீண்டும் கடலுக்கே போய்விடும். சல்லடைக்கும் வளையத்துக்கும் பட்சபாதம் கிடையாது. அது சம்மாட்டியின் சங்கா, கூலிக்கு முங்கியவரின் சங்கா என்று அவை விசாரிப்பதில்லை. இன்ன அளவு என்பது கடலில் இறங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார் பந்தய விதிக்கும் இந்த இரண்டு லட்சணங்களே வேண்டும்: சமமானவற்றைச் சமமானவற்றோடு சேர்க்கும் சல்லடை ஒன்று, இதைத் தாண்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வளையம் ஒன்று.

இந்தச் சல்லடையைச் செய்ய உலகம் பல வழிகளில் முயன்றிருக்கிறது. ஒன்று, எல்லோருக்கும் ஒரே காரைக் கொடுத்துவிடுவது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800-இன் யந்திரத்தைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற பிரிவுக்கு வித்திட்டார். குறைந்த செலவில், ஏறக்குறைய ஒரே விதமான கார்களில், ஓட்டுநரின் திறமை மட்டுமே வெற்றியை நிர்ணயிக்கும்படி செய்த அந்த ஏற்பாட்டில்தான், பிற்காலத்தில் 2005-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 1995-ஆம் ஆண்டு விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரையே செட்டிபாளையத்துப் பாதை தாங்கி நிற்கிறது. ஆனால், ஒரே காரைக் கொடுக்கும் முறை ஓட்டுநரைச் சோதிக்கிறதே தவிர மெக்கானிக்கின் கற்பனைக்கு அங்கே இடமில்லை. தன் கையால் ஒரு காரைச் செப்பனிட்டு ஓட்டிப்பார்க்கும் ஆனந்தத்தை நாடி வரும் சாமானியனுக்கு வேறு வழி தேவைப்படுகிறது.

இரண்டாவது வழி, பெருக்கெண். டர்போ என்ற காற்றழுத்தக் கருவி பொருத்திய யந்திரம் தன் கொள்ளளவுக்கு மிஞ்சிய சக்தியைத் தருவதால், அதன் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கி, 1000 சிசி டர்போ காரை 1700 சிசி காராகக் கருதும் முறையைச் சர்வதேச விதிகள் நெடுங்காலம் கையாண்டு வந்தன. மூன்றாவது வழி, எடை ஏற்றுவது. கிண்டியில் தலைமுறை தலைமுறையாகக் குதிரைப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு, நன்றாக ஓடும் குதிரையின்மேல் அதிக எடையை வைத்துப் பலவீனமான குதிரைக்கும் வாய்ப்பு அளிக்கும் ஹேண்டிகேப் முறை புதிதல்ல. உலக டூரிங் கார் போட்டிகளில் வென்ற காரின்மேல் அடுத்த பந்தயத்துக்கு எடை ஏற்றியதும் இதே தத்துவத்தினால்தான்.

நான்காவது வழி விசித்திரமானது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் என்ற பெயரில் ஏழைக் கார்களுக்கென்றே ஒரு நெடுநேரப் பந்தயம் தோன்றியது. காரின் விலையும் அதில் செய்த வேலையின் செலவும் சேர்ந்து 500 டாலருக்கு மிகக்கூடாது என்பது அதன் மூலவிதி; பாதுகாப்புச் சாதனங்களும் பிரேக்கும் சக்கரமும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஒருவனுடைய கார் அந்த மதிப்பைத் தாண்டிவிட்டதாக நடுவர்கள் கருதினால் அவனைத் துரத்திவிடுவதில்லை. அதிகப்படியான மதிப்புக்கு ஏற்பச் சில சுற்றுக்களைப் பந்தயம் தொடங்குமுன்பே அவன் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். அவனும் ஓடலாம், மற்றவர்களும் மனத்தாங்கலின்றி ஓடலாம். இதிலுள்ள குறை, மதிப்பீடு நடுவரின் ஊகத்தைப் பொறுத்திருப்பதுதான். அதே தேசத்தில் பின்னர் தோன்றிய சம்ப்கார் என்ற பந்தயத் தொடர், நாளடைவில் டாலர் மதிப்பைக் கைவிட்டு, இன்ன காருக்கு இத்தனை புள்ளி, இன்ன மாற்றத்துக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணை போட்டு, வரம்பை மீறிய புள்ளிகளுக்குச் சுற்றுக்களைக் கழிக்கும் முறைக்கு வந்து சேர்ந்தது. ஊகத்திலிருந்து அட்டவணைக்கு வந்த இந்தப் பயணமே சாமானியர் பந்தயத்தில் நியாயம் வளர்ந்த வரலாறு.

அட்டவணை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு, முன்னே சொன்ன காரையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். பெரிய கார்புரேட்டரைப் பொருத்தியதால் அதன் சக்தி 40-லிருந்து 42 குதிரைத்திறனாக உயர்ந்தது என்றால், பழைய விகிதம் நிலைக்க அதன் எடை 840 கிலோவாக இருக்க வேண்டும். ஆகவே, 40 கிலோ ஈயக் கட்டியைத் தரையில் போல்ட்டு போட்டுப் பிணைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். காற்றின் தடையும் வளைவுகளின் தன்மையும் குறுக்கிடுவதால் இந்தக் கணக்கு மயிரிழை பிசகாமல் பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சுற்று நேரங்களைப் பார்த்து அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால், பருவத்தின் நடுவே, இன்னார் வென்றுவிட்டார் என்பதற்காக விதியை மாற்றுவது அநியாயம்.

தண்டனையின் தராசு

இனி, விதியை மீறியவனுக்கு என்ன செய்வது என்ற கடினமான கேள்விக்கு வருவோம். மீறல்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தச் சுலபத்தில்தான் அநீதி பிறக்கிறது.

1976-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் தேசத்து ஹராமா பாதையில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், இங்கிலாந்து தேசத்து ஜேம்ஸ் ஹண்ட் முதலில் வந்தார். பந்தயம் முடிந்து அளந்தபோது அவருடைய மெக்லாரன் கார் அனுமதிக்கப்பட்ட அகலத்தைவிட 1.8 சென்டிமீட்டர் அதிகமாக இருந்தது. உடனே வெற்றி பறிக்கப்பட்டது. அகலத்தைப் பற்றிய விதி அப்போதுதான் அமுலுக்கு வந்திருந்தது, அந்த 1.8 சென்டிமீட்டரால் வெற்றி வந்தது என்று சொல்லத்தக்க வேகம் கிடைத்ததாகத் தெரியவில்லை. காரின் அகலமோ எவரும் டேப்பை வைத்து அளந்துவிடக்கூடியது. மேல்முறையீட்டில் ஜூலை மாதம் வெற்றி திருப்பிக் கொடுக்கப்பட்டது. 3000 டாலர் அபராதத்தோடு விஷயம் முடிந்தது. எதிரணியினர் அதை ஒப்பவில்லை. ஆயினும், குற்றத்தின் பருமனுக்கும் தண்டனையின் பருமனுக்கும் ஒரு தாரதம்மியம் வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் வெளிப்பட்டது.

இதற்கு நேர்மாறானது 1995-ஆம் ஆண்டு ஸ்பெயினின் கடலோனியா ராலியில் நடந்தது. டர்போவுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவதற்காக, விதிப்படி ஒரு குறுகிய வளையத்தைப் பொருத்த வேண்டும். டொயோட்டா அணியின் கார்களில் அந்த வளையத்தைச் சுற்றிக் காற்று ரகசியமாக நுழையும்படியும், பரிசோதகர் கழற்றத் தொடங்கியதும் அந்த வழி தானாகவே மூடிக்கொள்ளும்படியும் ஓர் உபாயம் செய்யப்பட்டிருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டபோது அணியின் அந்த ஆண்டுப் புள்ளிகள் அனைத்தும் பறிக்கப்பட்டு, அணி பன்னிரண்டு மாதங்கள் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அந்தத் தண்டனை மிகையென்று சொல்ல மனச்சாட்சியுள்ள எவருக்கும் நா எழாது. ஏனெனில், அங்கே நடந்தது அளவில் பிசகியது அன்று. அளப்பவரின் கண்ணைக் கட்டியது.

இந்த இரண்டு வழக்குகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் சாமானியர் பந்தயத்துக்கு உரிய தண்டனைத் தராசு தானே புலப்படும். தான் செய்த மாற்றத்தைப் பந்தயத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டவன் குற்றவாளியே அல்லன். அவனுக்கு உரியது அட்டவணைப்படி எடையோ நேரமோ கூட்டுவதே தவிர, தண்டனை அன்று. எழுதிக் கொடுக்கத் தவறியவன், ஆனால் ஒளிக்காதவன், அந்த மாற்றத்தால் அனுகூலமும் பெறாதவன் என்றால், எச்சரிக்கையும் சிறு அபராதமும் போதும். எழுதிக் கொடுக்காமல் அனுகூலமும் பெற்றவனுக்கு, அவன் பெற்றதற்குச் சற்று மேலாகவே இழப்பு நேர வேண்டும்: ஒரு சுற்றுக்கு அரை விநாடி மிச்சம் தரும் மாற்றம், பத்துச் சுற்றுப் பந்தயத்தில் ஐந்து விநாடியைத் தந்திருக்கும், ஐந்து விநாடியை மட்டும் கூட்டினால் ஏமாற்றுவதில் நஷ்டமில்லை என்றாகிவிடும், பத்து விநாடியைக் கூட்டினால் நேர்மையே லாபம் என்று எவனுக்கும் புரியும். முத்திரையை உடைத்து ஒட்டியவன், போலி உறுப்பைப் பொருத்தியவன், பரிசோதகரை ஏமாற்றத் திட்டமிட்டவன் ஆகியோருக்கு மட்டுமே விலக்கும் உரிமப் பறிப்பும் உரியவை. கடைசித் தண்டனையை முதல் தண்டனையாக வைத்துவிட்டால், சிறு பிசகு செய்தவன் வெளிப்படையாகச் சொல்ல அஞ்சி மறைக்கத் தொடங்குவான். அப்போது விதியே அவனைக் கள்ளனாக்கிவிடுகிறது.

இந்தத் தராசில் வைக்கக்கூடாத ஒரே விஷயம் உயிர்ப் பாதுகாப்பு. கார் உருண்டால் தலையைக் காக்கும் இரும்புக் கூண்டும், இருக்கைப் பட்டையும், தீயணைப்புக் கருவியும் சரியாக இல்லாத காருக்குப் புள்ளியைக் கழித்து ஓடவிடுவது பாவம். அது களத்தில் இறங்கவே கூடாது. அதைப் போலவே, பாதுகாப்புக்காகச் செய்த எந்த மாற்றத்துக்கும் ஒரு புள்ளியும் ஏற்றக்கூடாது. ஏற்றினால், ஏழை ஓட்டுநன் புள்ளிக்குப் பயந்து உயிரைப் பணயம் வைப்பான்.

பரிசோதனை முறையிலும் சில தர்மங்கள் உண்டு. சந்தேகத்தைக் கிளப்புகிறவன் ஒரு காப்புத் தொகையைக் கட்டி, இன்ன உறுப்பில் சந்தேகம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். சந்தேகம் மெய்யானால் பணம் திரும்பும், பொய்யானால் யந்திரத்தைக் கழற்றி மாட்டிய செலவுக்கு அது போய்ச்சேரும். வென்றவர்களின் கார்களை யாரும் புகார் செய்யாமலே கழற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டால் புகாருக்கே அவசியம் குறைந்துவிடும். கழற்றும்போது உரிமையாளரும் எதிர்த்தரப்பாரும் அருகில் நிற்க வேண்டும். அளந்த எண்ணை அங்கேயே பலகையில் எழுத வேண்டும். தீர்ப்புச் சொல்லும் ஸ்டூவர்டுகள் அந்தப் பந்தயத்தில் கார் ஓட்டுபவர்களாகவோ, ஓட்டுபவர்களுக்கு உறவினராகவோ இருக்கலாகாது. அவர்களுடைய தீர்ப்புக்கு மேல் ஒரு முறையீடும், முறையீட்டுக்கு ஒரு கெடு நாளும் இருக்க வேண்டும்.

அவசியத்தால் வந்த மாற்றம்

நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லையையும் விதி எழுதுபவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பியட்டின் வழிவந்த பத்மினி காரின் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது; அம்பாஸடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றது. அசல் உதிரி பாகம் கிடைக்காத நிலையில், பழைய காரை நேசிக்கும் ஒருவன் வேறு காரின் உறுப்பைக் கொண்டுவந்து கடைந்து, தேய்த்துப் பொருத்துவதைத் தவிர வேறு என்ன செய்வான்? தூத்துக்குடி போன்ற ஊரிலோ, உப்பளமும் கடற்காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்னும் வேகம் மிக அதிகம். தரைத்தகடும் கதவின் அடிப்பாகமும் துருவேறி, புதுத் தகடு வெட்டி வெல்டு வைத்த காரை, தொழிற்சாலை கொடுத்த தகடு இல்லை என்று சொல்லி மாற்றியமைத்த கார்களின் பிரிவில் தள்ளுவது அவனுடைய விடாமுயற்சியையே தண்டிப்பதாகும். வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேறு, அவசியத்துக்காகச் செய்த மாற்றம் வேறு. பொருத்திய உறுப்பு அசலைவிட இலேசாகவோ வலிமையாகவோ இல்லை என்று அளந்து காட்டிவிட்டால் அதற்குப் புள்ளி ஏற்றக்கூடாது.

இதையெல்லாம் ஏதோ பணக்காரர் பொழுதுபோக்கின் உட்பூசல் என்று ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 189-ஆவது பிரிவு, பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதைச் சிறையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றமாக்குகிறது. இந்தச் சட்டம் அவசியமானது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலையில் விளையாட்டுக்கு இடமில்லை. ஆனால், யந்திரத்தைத் திறந்து பார்க்கும் ஆவலும், அதை முடுக்கிவிட்டு ஓட்டிப்பார்க்கும் ஆசையும் இளமைக்கு இயற்கை. அதற்கு நியாயமான ஒரு களத்தைத் திறந்து வைக்காமல், தடையை மட்டும் விதித்தால் அந்த ஆசை நள்ளிரவுச் சாலையைத் தேடிப்போகும். ஏழை மெக்கானிக்கின் கார் நடுவரின் ஊகத்தால் விலக்கப்படாது, அளவையால் மட்டுமே நிறுக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் அவன் பந்தயப் பாதையை நாடி வருவான்.

அந்த நம்பிக்கைக்கு முதற்படியாக ஒரு காரியத்தைச் சம்மேளனத்தாரும் தமிழ்நாட்டுப் பந்தயச் சங்கத்தாரும் செய்யலாம். இன்று பந்தய விதிகள் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. அவற்றின்படி காரைக் கழற்றி மாட்டும் கைகளில் பெரும்பாலானவை தமிழ் படிக்கும் கைகள். தான் வாசிக்க முடியாத விதியை ஒருவன் மீறிவிட்டான் என்று அவனைத் தண்டிப்பதைவிடப் பெரிய அநியாயம் பந்தயத்தில் இல்லை. விதிப்புத்தகத்தையும் மாற்றங்களின் புள்ளி அட்டவணையையும் தண்டனைப் பட்டியலையும் தெளிவான தமிழில் அச்சிட்டு, பருவம் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னதாக ஒவ்வொரு பட்டறைக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள். அறிவித்துவிட்டு மாற்றுகிறவனுக்கு எடையைக் கொடுங்கள், மறைப்பவனுக்கு மட்டும் விலக்கைக் கொடுங்கள். அவ்வளவு செய்துவிட்டால், தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய காரைக் கட்டி இழுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வரும் இளைஞன், தோற்றுத் திரும்பினாலும் அடுத்த ஆண்டும் வருவான்.